பாதி கறுப்பு, பாதி நீலம்

அந்த இரண்டு எடிட்டர்களின் பெயரையும் நான் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் ஊர் உலகமெல்லாம் ஆள் இருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் ஒருத்தர் கிளம்பி வந்து ‘அதைப் போய் இப்படிச் சொல்லிவிட்டீர்களே’ என்பார். அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவதற்குள் அடுத்த கட்சிக்காரர் வருவார். இந்த ஆடி மாதத்தில் நான் பட்டதே எனக்குப் போதும். ஒன்றுக்குக் கறுப்பு நிறத்தில் சின்னம், இன்னொன்றுக்கு நீலம். கறுப்பு, நீலம் என்றே வைத்துக்கொள்வோம்.

எடிட்டர் என்றால் வேறொன்றும் இல்லை. கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதுகிறார்களே, அதை எழுதுகிற நோட்டு. கறுப்பில் எழுதினாலும் அதே வரிதான், நீலத்தில் எழுதினாலும் அதே வரிதான். இதை நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அம்மன் சந்நிதியில் செருப்போடு நிற்கிறவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

என் பெயர் ராஜராஜேஸ்வரி. எல்லோருக்கும் ராஜி. பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் எட்டு வருஷம் டெஸ்டராக இருந்தேன். அடுத்தவர்கள் செய்த கேமை உடைத்துப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். கேமுக்குள் இருக்கிற ஒரு கதவை நானூறு தடவை திறந்து மூடியிருக்கிறேன். நானூற்றொன்றாவது தடவை திறக்கவில்லையென்றால் உடனே எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் இரண்டு பெட்டியையும் என் மேக் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் வந்து சேர்ந்தேன். கல்யாணமாகி நாலரை வருஷம். அதில் நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்த நாளை, தீபாவளி பொங்கலையெல்லாம் சேர்த்துக் கூட்டினாலும், ஒரு வருஷம் தேறாது.

அவர் பெயர் சிவபிரசாத். ஊரிலுள்ள கடைகளுக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறார். மாமனார் படுத்த படுக்கை, இவர் ஒரே பிள்ளை. அதனால் பெங்களூருக்கு வாங்க என்று நான் அவரைக் கூப்பிட்டதும் கிடையாது, அவர் வந்ததும் கிடையாது.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் இரண்டு தகவல் ஒன்றாக வந்தன. ஒன்று, பெங்களூரில் வேறொரு கம்பெனியில் எனக்கு வேலை. அங்கேயும் கதவைத் திறந்து மூடுகிற வேலைதான், பதவியின் பெயர் மட்டும் நீளம். வருகிறேனா இல்லையா என்று நாலு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை சொல்ல வேண்டும். இன்னொன்று, சென்னையில் கேம் வெளியிடுகிற ஒரு நிறுவனத்திலிருந்து வித்யாலட்சுமி என்கிற அம்மா, நாங்கள் செய்கிற கேமைப் பார்ப்பதற்கு நேரம் கொடுத்திருந்தார். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, வீடியோ கால்.

அந்த அம்மா எடுத்துக்கொண்டால் நான் இங்கேயே இருப்பது. இல்லையென்றால் பெட்டியைக் கட்டுவது. நானும் அவரும் இப்படித்தான் பேசி வைத்தோம். எனக்கு இங்கேதான் இருக்க வேண்டும். புருஷனோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அடுத்தவன் கேமை உடைக்காமல் என் கேமைச் செய்ய வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் கேமில் இரண்டு பாம்பு. சங்கன், பதுமன். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று அடித்துக்கொண்ட இரண்டு நாகராஜாக்கள், எங்கள் ஊரில் எல்கேஜி பிள்ளைக்கும் தெரிந்த கதை. அம்மன் தவமிருந்து, சாமி பாதி சிவனும் பாதி திருமாலுமாக வந்து நின்ற பிறகுதான் அந்தச் சண்டை தீர்ந்தது. கேமில் இரண்டு பேர் ஆளுக்கொரு பாம்பை ஓட்டிக்கொண்டு வளைந்து வளைந்து போகிற பாதையில் போய்ப் புற்றுக் கதவை அடைய வேண்டும். ஒரு பாம்பு மட்டும் போனால் கதவு திறக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் போய்த் தொட வேண்டும். படமெல்லாம் நான் வரைந்து, கேமைக் கட்டுகிற சாஃப்ட்வேரான எஞ்சினுக்குள் ஏற்றி வைத்துவிட்டேன். மகுடிச் சத்தம்கூடப் போட்டாயிற்று. பாம்பு ஊர வேண்டியதுதான் பாக்கி. அதற்குத்தான் அந்த வரிகளை, ஸ்கிரிப்ட் என்பார்கள், எழுத வேண்டும். எழுதுவதற்கு என் வீட்டுக்காரரும் அவர் சேக்காளி நியாஸ் அகமதுவும்.

நியாஸ் கடையநல்லூர்க்காரன். துபாயில் நாலு வருஷம் வெப்சைட் செய்துவிட்டு வந்தவன். தினமும் பஸ் பிடித்து வருவான். ரதவீதியில் வெள்ளத்துரை அண்ணாச்சியின் பாத்திரக்கடை மாடியில் ஒரு ரூம் எடுத்திருந்தோம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரே ஒரு மேக். ஐபோனில் கேமைப் போட வேண்டுமென்றால் மேக் இல்லாமல் ஆகாது, எங்களிடம் இருப்பது என்னுடைய ஒன்றுதான். காலையில் அவர் உட்கார்வது, மத்தியானத்துக்கு மேல் நியாஸ் உட்கார்வது என்று ஏற்பாடு.

முதல் நாள் அவர் மேக்கைத் திறந்து கறுப்பை இறக்கினார். நியாஸ் பார்த்துவிட்டான்.

“என்ன மக்கா, இன்னும் இதையா வச்சிருக்க? நீலத்தப் போடு. நீ ரெண்டு எழுத்து அடிச்சா மிச்சத்த அதுவே சொல்லிரும்.”

“எனக்கு என்ன எழுதணும்னு எனக்குத் தெரியும்ல. அது ஒண்ணும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.”

“தெரிஞ்சா எழுத வேண்டியதுதானங்க” என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். படம் வரைகிறவள் நடுவில் பேசிவிட்டாள். சரி, ஒரு நாள்தானே, பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

எது சீக்கிரம் திறக்கிறது என்று பார்க்க ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு இரண்டையும் திறந்து திறந்து மூடினார்கள். அறுபது தடவை. நான் பெங்களூரில் செய்துவந்த வேலையை இவர்கள் சும்மா செய்துகொண்டிருந்தார்கள். அடுத்து எழுத்துரு. பூஜ்யத்துக்கு நடுவில் புள்ளி இருந்தால் நல்லதா, குறுக்குக்கோடு இருந்தால் நல்லதா என்று ஒரு புதன்கிழமை முழுவதும் போயிற்று. துபாயில் விண்டோஸில் பழகின நியாஸுக்கு மேக்கில் கை தடுமாறியது. கண்ட்ரோல் என்று நினைத்து எதையோ அமுக்குவான், வேறெதுவோ மூடிக்கொள்ளும். கடைசியில் என் கைப்பையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, மேக்கில் அந்த வேலையைச் செய்கிற கமாண்ட் பட்டனில் ஒட்டிவைத்தான். அதற்கப்புறம் மேக்கைத் திறந்தால் சுமங்கலி மாதிரி இருந்தது.

பின்னணி நிறம் பார்த்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் மறக்கவே முடியாது. கருநீலம், கரும்பச்சை, முக்கால் கறுப்பு, முழுக் கறுப்புக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு தடவை, திறந்துவிட்டு ஒரு தடவை. பொம்பளைகள் சேலை எடுக்கப் போனால் நேரம் ஆகிறது என்று பேசுகிறார்களே, நான் என் முகூர்த்தச் சேலையை இருபது நிமிஷத்தில் எடுத்தவள்.

ஒரு நாள் யாரோ இணையத்தில் சொன்னான் என்று மூன்றாவதாக ஒரு மஞ்சள் எடிட்டரை இறக்கினார்கள். அதை இரண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள். அன்றைக்கு ஒரு நாள்தான் நியாஸ் கொண்டுவந்த சாப்பாட்டை இரண்டு பேரும் சந்தோஷமாகப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். மறுநாள் பழையபடி ஆரம்பித்துவிட்டது. அவர் முப்பத்தொரு கேள்வி எழுதி, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, ஒரு அட்டவணை தயார் செய்தார். கறுப்புக்குப் பதினைந்தரை, நீலத்துக்குப் பதினைந்தரை. அரை மார்க் எப்படி வந்தது என்று அதற்கு ஒரு சண்டை.

கீழே தெருவில் ஆடிச்சுற்று நடந்துகொண்டிருந்தது. ஜனங்கள் கோயிலை நூற்றெட்டு தடவை சுற்றுகிறார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுகூடச் சுற்றுகிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒரு வரி எழுதவில்லை. இருபது நாள் போய்விட்டது.

அன்றைக்கு நான் கத்திவிட்டேன்.

“ஏங்க, கேம் எஞ்சினுக்குள்ளேயே ஒரு எடிட்டர் கெடக்குல்லா! வாங்கும்போதே கூட வந்தது. அதுல எழுதித் தொலைங்களேன்!”

இவர்கள் சண்டையில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே குரலில் சிரித்தார்கள்.

“மதினி, அது சும்மா பேருக்கு வச்சிருக்கது” என்றான் நியாஸ். “அதுல போய் யாராவது எழுதுவாங்களா?”

“சின்னப் பிள்ளைய பழகுறதுக்குள்ளது ராஜி” என்றார் இவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையை ஒரு தட்டுத் தட்டினேன். “வியாழக்கிழமைக்கு இன்னும் ஏழு நாளு. உங்களுக்கு நான் வேணுமா, அந்தக் கறுப்பு வேணுமா? இன்னைக்குச் சொல்லிருங்க, நான் இப்பமே டிக்கெட் போட்டுருதேன்!”

அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் பதில் என்ன வந்தது தெரியுமா? “நீலத்துல எனக்குக் கை வரமாட்டேங்கு ராஜி.” அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்தில் படியில் யாரோ ஏறி வருகிற ஓசை கேட்டது. வெள்ளத்துரை அண்ணாச்சி. அறுபது வயது, வெள்ளை வேட்டி, கையில் இன்னும் விலைச்சீட்டு ஒட்டாத ஒரு தூக்குவாளி.

“ஏலே, கீழ யாவாரம் நடக்கணுமா வேண்டாமா? குத்துவெளக்கு பாக்க வந்தவ, மேல கொலை விழுதுன்னு ஓடிட்டா. என்னல பிரச்சினை?”

நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுதுகிற நோட்டு இரண்டு, யார் நோட்டில் எழுதுவது என்று இருபது நாளாகச் சண்டை என்றேன். அண்ணாச்சி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இதுக்கா? எந்த ஊர்ல இருந்துக்கிட்டு எதுக்கு அடிச்சுக்கிடுதிய? சாமியே நமக்காக பாதி பாதியா நிக்காரு. ஒரு பாதிய நீ உன் நோட்டுல எழுது. மறு பாதிய இவன் அவன் நோட்டுல எழுதட்டும். கடைசில ஒண்ணாச் சேத்துருங்க. முடிஞ்சுதுல்லா?”

எனக்கே அது நியாயமாகப் பட்டது. அதை ஒத்துக்கொள்கிறேன். சங்கன் பாம்புக்கு உண்டான பாதியை இவர் கறுப்பில், பதுமன் பாம்புக்கு உண்டான பாதியை நியாஸ் நீலத்தில். இரண்டு பேரும் எழுந்து கை கொடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி எழுந்து போகிறபோது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்.

“சேக்கிறத வியாழக்கிழமை ராகுகாலம் கழிச்சு, மூணு மணிக்கு மேல சேருங்க. சாமியும் கடைசி நாள்லதான் ஒண்ணா நின்னு காட்சி குடுத்தாரு.”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுநாளிலிருந்து இரண்டு பேரும் எழுதினார்கள். காலையில் இவர், மத்தியானம் அவன். அஞ்சே நாளில் சங்கன் ஊர்ந்தது. தனியாக வேறொரு கோப்பில் பதுமனும் ஊர்ந்தது. வளைவில் திரும்பும்போது வாலை ஒரு சுழற்று சுழற்றியது பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வரைந்த வால்.

ஆனால் நான் டெஸ்டர். செவ்வாய்க்கிழமையே சொன்னேன். “தனித்தனியா ஓடுறது பெரிசில்ல. இப்பமே ஒண்ணா ஒட்டிப் பாருங்க.”

“அண்ணாச்சி வியாழக்கிழமைன்னு சொன்னாருல்லா” என்றார் இவர். கம்ப்யூட்டர் படித்த மனுஷன்.

“நியாசு, நீயாவது சொல்லு. உனக்கு ஏது ராகுகாலம்?”

“பெரியவங்க சொன்னா கேட்டுக்கிடுவோம் மதினி” என்றான். பாம்பு ஊர்ந்தாலும் அவன் பாதி இன்னும் முழுசாக முடியவில்லை, அதுதான் விஷயம். எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை மூன்று அடித்து ஐந்து நிமிஷம். இரண்டு பாதியையும் ஒரே கோப்பாக ஒட்டினார்கள். அண்ணாச்சி கீழிருந்து ஒரு வாழைப்பழமும் சூடமும் கொடுத்தனுப்பியிருந்தார். சூடம் ஏற்ற வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன், மேக்கில் பட்டுவிடும். இவர் ரன் பட்டனை அமுக்கினார்.

பாம்பு வரவில்லை. சிவப்பாக ஒரு வரி வந்தது. இருநூற்றுப் பதினாலாவது வரியில் தப்பு.

அது என்ன தப்பு என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதுகிற மொழியில் வரியின் தொடக்கத்தில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதற்கு அர்த்தம் உண்டு. அந்த இடத்தை டேப் பட்டனைத் தட்டி ஒரே தாவலாகவும் விடலாம், ஸ்பேஸ் பட்டனை நாலு தடவை தட்டியும் விடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷினுக்கு ஒன்றில்லை. ஒரு கோப்பில் ஏதாவது ஒன்றைத்தான் அது ஏற்கும். இவர் கறுப்பில் டேபாக எழுதியிருந்தார். நியாஸ் துபாயில் பழகின பழக்கத்தில், டேப் தட்டினாலும் நாலு ஸ்பேஸாக விழும்படி நீலத்தில் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். பாதிக்குப் பாதி ஒட்டினோமா, மெஷின் முடியாது என்று உட்கார்ந்துவிட்டது.

“உன் பாதிய டேபா மாத்துல” என்றார் இவர்.

“ஏன், உன் பாதிய ஸ்பேஸா மாத்தினா கையி தேஞ்சா போயிரும்?”

“டேப்தான் முறை.”

“யாரு சொன்னா? துபாயில எங்க ஆபீஸ்ல நூத்தம்பது பேரு, ஒருத்தன் டேப் தட்ட மாட்டான்.”

“அப்ப துபாய்க்கே போ!”

“போறம்ல! அல்லா மேல சத்தியமா நாளைக்கே போறேன்!”

மூன்றே கால் ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, மூன்றே முக்கால் ஆயிற்று. யார் மாற்றுவது என்பதில் நின்றுவிட்டார்கள். மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் நிற்கிறார்கள். நான் முதலில் கெஞ்சினேன், அப்புறம் திட்டினேன். மூன்று ஐம்பத்தெட்டுக்கு வீடியோ கால் மணி அடித்தது.

திரையில் வித்யாலட்சுமி அம்மா வந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான முகம். “வணக்கம். ஆரம்பிக்கலாமா?” என்றார். பின்னால் இவரும் நியாஸும் ஒருத்தரையொருத்தர் தோளால் இடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

“ஒரே நிமிஷம் மேடம்” என்று சொல்லிவிட்டு இரண்டு பேரையும் ஓரமாக நகர்த்தினேன். கறுப்பை மூடினேன். நீலத்தை மூடினேன். எஞ்சினுக்குள்ளேயே கிடந்ததே, சின்னப் பிள்ளைகள் பழகுகிற எடிட்டர், அதில் அந்தக் கோப்பைத் திறந்தேன். மேலே மெனுவில், எல்லா வரியையும் டேபாக மாற்று என்று ஒரு வசதி. அமுக்கினேன். சிவப்பு வரி போய்விட்டது. ஒரே ஒரு அமுக்குதான். அந்த அம்மா மட்டும் திரையில் இல்லையென்றால் இரண்டு பேர் மண்டையையும் சேர்த்து ஒரு முட்டு முட்டியிருப்பேன்.

எங்கள் திரை அந்த அம்மாவுக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, “வாங்க, ஆளுக்கொரு பாம்ப ஓட்டுங்க” என்றேன்.

இவர் சங்கன், நியாஸ் பதுமன். ஒரே கீபோர்டில் இடது பக்கம் இவர் கை, வலது பக்கம் அவன் கை. மகுடிச் சத்தத்தோடு இரண்டு பாம்பும் கிளம்பின. இதுவரை எல்லாம் நல்லபடி நடந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. இவர் சங்கனை விரட்டிக்கொண்டு போய்க் கதவைத் தொட்டார். கதவு திறக்கவில்லை. பதுமன் வேண்டுமென்றே மெதுவாக வந்தது. அது வந்து சேர்வதற்குள் இவர் பொறுமையில்லாமல் திரும்பிப் போய்விட்டார். நியாஸ் வந்து கதவில் முட்டினான். திறக்கவில்லை.

“ஏலே, நில்லுல! நான் வாரேம்லா!” என்றார் இவர்.

“நீ ஏன் முந்திப் போன?”

“முந்தினது நானா? நீ அசையக் காணும்!”

“ரெண்டு பேரும் சேந்து போங்களேன்!” என்று நான் போட்ட சத்தம் கீழே பாத்திரக்கடை வரைக்கும் கேட்டதாம். நாலாவது தடவை, எதற்கு வம்பென்று, இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் ஊர்ந்து போனார்கள். இரண்டு தலையும் ஒன்றாகக் கதவைத் தொட்டன. கதவு திறந்தது.

திரையில் அந்த அம்மாவைக் காணவில்லை. போச்சு, வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் மேசைக்குக் கீழேயிருந்து எழுந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தச் சண்டைதாங்க உங்க கேம்” என்றார். “இதை எங்கயும் விட்டுடாதீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஆனா ஒரே ஒரு லெவலை வச்சு நான் முடிவு சொல்ல முடியாது. மூணு லெவலாவது வேணும். கார்த்திகைக்குள்ள அனுப்புங்க, பார்த்துட்டுப் பேசலாம். இப்ப எதுவும் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பெங்களூருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நியாஸ் பையை எடுத்தான். போகும்போது இவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, “நாளைக்கு வாரேன் மக்கா” என்றான். அவன் படி இறங்கிப் பஸ்ஸுக்குப் போன பிறகு ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். தெருவில் மைக்கில் பாட்டு. இவர் சார்ஜர் வயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

“ராஜி, நீ பெங்களூர் போயிரு” என்றார். “நான் சொன்னபடி முடிச்சுக் குடுக்கல.”

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு விட முடியவில்லை. “அஞ்சு நாள்ல ஒரு லெவல் எழுதியிருக்கிய. உங்களுக்கு எழுத வருது. அந்த இருபது நாளும் எழுதியிருந்தா மூணு லெவலும் இன்னைக்கு நம்ம கையில இருந்திருக்கும். பில் சாஃப்ட்வேர ஒரு வாரத்துல எழுதிக் குடுக்குத ஆளு, இதுக்கு மட்டும் ஏன் இப்படிப் பண்ணுனிய? எனக்குத் தெரிஞ்சாகணும்.”

வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எழுத ஆரம்பிச்சா, அது நல்லா வரலைன்னு தெரிஞ்சிரும்லா. தெரிஞ்சா நீ கெளம்பிருவ. எடிட்டர் பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் தோக்கல. நீ இங்கன இருக்க.”

எனக்கு அழுகை வந்தது. அந்த சார்ஜரைப் பிடுங்கி அவர் தலையில் ஒன்று போடலாம் என்றும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“நான் போயிருவேன்னு பயந்துக்கிட்டு, நான் போறதுக்கு உண்டான வேலையத்தானே இருபது நாளாப் பாத்திருக்கிய” என்றேன் கடைசியில்.

“ஆமா” என்றார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் என் பெட்டியை மேலே அட்டத்துப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தார். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். இரண்டாவது லெவலுக்குக் குளமும் படித்துறையும் வரைந்தேன். பெட்டி கட்டுகிறவள் எதற்குக் குளம் வரைகிறாள் என்று அவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு பெங்களூரிலிருந்து ஃபோன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் போல, நல்ல தமிழ். அவர் மேக்குக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஜாயின் பண்ணுறீங்கள்ல மேடம்?”

“இல்லம்மா. வரல.”

“வேற ஆஃபர் வந்திருக்கா?”

“இல்ல.”

“அப்ப காரணம் என்னன்னு ஃபார்ம்ல போடணும் மேடம்.”

“போட்டுக்கிடுங்க” என்றேன். “எட்டு வருஷமா அடுத்தவங்க கேம ஒடைச்சேன். இங்கன என் கேம் ஒண்ணு பாதில கெடக்கு. அத எழுதுத மனுஷனுக்கு நான் போயிருவேன்னு பயம். பயந்தா அவருக்குக் கை ஓடாது. கை ஓடலைன்னா கேம் வராது. நான் போகலைன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் அவரு எழுதுவாரு. இதுல உங்களுக்கு எது தோதா இருக்கோ அதப் போட்டுக்கிடுங்க.”

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டு, நின்றது.

“சொந்தக் காரணம்னு போட்டுக்கிடுதேன்க்கா” என்றது அந்தப் பெண். மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

ஃபோனை வைத்தேன். அவர் திரும்பவே இல்லை. தோள் மட்டும் ஒரு மாதிரி அசைந்தது.

“கேட்டியளா?” என்றேன்.

“கேட்டேன்.”

“இனிமே நீங்க தோத்தாலும் நான் இங்கனதான் இருப்பேன். அதனால தைரியமாத் தோக்கலாம். எழுதுங்க.”

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எழுத ஆரம்பித்தார். இரண்டாவது லெவலின் முதல் வரி பதினொன்று இருபதுக்கு விழுந்தது. அந்த வரியில் ஒரு தப்பு இருந்தது. நான் டெஸ்டர், பார்த்ததும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு என் குளத்துக்குத் தண்ணீர் வரைந்தேன்.